பாம்பின் தடம் படிப்பவர்கள்

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு செல்லும் மின்சார ரயிலில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி ஆகிய நிலையங்களைக் கடந்ததும் பொத்தேரி வரும். இன்று பொத்தேரியில் கல்லூரிக் கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் வானளாவ எழுந்து நிற்கின்றன. வண்டி மேலும் தெற்கே போகப் போக, கட்டடங்களுக்கு நடுவே ஏரிக்கரைகளும் வயல்களும் முட்புதர்களும் பாறைக் குன்றுகளும் கண்ணில் படும்.

நமக்கு அது ஜன்னலுக்கு வெளியே ஓடி மறையும் காட்சி, அவ்வளவுதான். ஆனால் நாம் புத்தகம் படிப்பதுபோல் அந்த நிலத்தையே படிக்கத் தெரிந்த மக்கள் இந்தச் செங்கற்பட்டுச் சீமையில் வாழ்கிறார்கள். அவர்களே இருளர்கள். நம் நாட்டில் பாம்புக்கடிக்கு ஆளாகி, மருந்தினால் உயிர் பிழைப்பவர்களில் பெரும்பாலோர், தாங்கள் அறியாமலேயே இந்த மக்களுக்குக் கடன்பட்டவர்கள். அது எப்படி என்று பார்ப்போமா?

யார் இந்த இருளர்?

தமிழ்நாட்டின் பழங்குடி மக்களில் எண்ணிக்கையில் மலையாளிகளுக்கு அடுத்தபடியாக இருப்பவர்கள் இருளர்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இவர்கள் ஏறத்தாழ 1,90,000 பேர். நீலகிரி, கோயம்புத்தூர் மலைப்பகுதிகளில் ஒரு பிரிவினரும், செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் முதலிய சமவெளி மாவட்டங்களில் மற்றொரு பிரிவினரும் வாழ்கின்றனர். மலை இருளர் பேசும் இருள மொழி, தமிழோடு உறவுடைய தனித் திராவிட மொழி. செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் அம்மொழியை ஆராய்ந்து நூல்கள் எழுதியிருக்கிறார். சமவெளி இருளர்கள் தங்களுக்கே உரிய சாயலுடன் தமிழ் பேசுகிறார்கள்.

1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் செங்கற்பட்டு இருளர்களைப் பற்றிய செய்திகள் உள்ளன. வில்லியர் என்ற பெயரும் இவர்களுக்கு உண்டு. தேன், கிழங்கு, மூலிகை, விறகு ஆகியவற்றைக் காட்டிலிருந்து திரட்டி வாழ்ந்தவர்கள் இவர்கள். 1882இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தபின், காடுகள் அரசாங்கத்தின் காப்புக்காடுகளாயின. காட்டுக்குள் தடையின்றிப் போய்வருவது மெல்ல மெல்லக் குறைந்தது. காட்டில் கற்ற கலையை இருளர்கள் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் புதர்களிலும் பயன்படுத்தி வாழ வேண்டியதாயிற்று.

மண்ணில் உள்ள எழுத்து

ஓர் இருளப் பெரியவரோடு காலை வேளையில் வரப்பின்மேல் நடந்து போவதாக வைத்துக்கொள்வோம். அவர் கையில் ஒரு சிறிய கடப்பாரை, தோளில் ஒரு துணிப்பை. வேறு கருவி ஏதும் இல்லை. நமக்கு வரப்பில் வெறும் பொந்துகள்தாம் தெரிகின்றன. அவர் ஒரு பொந்தைப் பார்த்துவிட்டு நடக்கிறார். அடுத்ததையும் விட்டுவிடுகிறார். மூன்றாவது பொந்தின் அருகே உட்கார்ந்துவிடுகிறார்.

முதல் பொந்தின் வாயில் சிலந்திவலை இருந்தது. வலை அறுபடாமல் இருக்கிறதென்றால், சமீபத்தில் எந்தப் பிராணியும் அதற்குள் போகவில்லை, வெளியே வரவுமில்லை. இரண்டாவது பொந்தில் எலி தோண்டித் தள்ளிய புதுமண் இருந்தது. எலி நிம்மதியாகக் குடியிருக்கிறது என்று அதற்குப் பொருள். மூன்றாவது பொந்தின் விளிம்பு மண் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அருகே உரித்த சட்டையின் ஒரு துண்டும் கிடக்கிறது. அந்தத் துண்டில் உள்ள செதில்களின் அமைப்பைக் கொண்டே அது நல்ல பாம்பா, சாரையா, விரியனா என்று அவர் சொல்லிவிடுவார். புழுதியில் பதிந்த தடத்தின் அகலம், பாம்பின் பருமனைக் காட்டும். தடத்தின் ஓரத்தில் மண் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பது, அது போன திசையைக் காட்டும்.

கூர்ந்து நோக்குதல், நோக்கியவற்றை ஒப்பிடுதல், அதிலிருந்து ஒரு முடிவை ஊகித்தல், பிறகு கடப்பாரையால் தோண்டி அந்த முடிவைச் சோதித்தல். உங்கள் விஞ்ஞானப் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் விஞ்ஞான முறை என்று சொல்லியிருப்பது இதைத்தானே! ஊகம் தவறினால், தேர்வுத்தாளில் உங்களுக்கு இரண்டு மதிப்பெண் போகும். இருளருக்கோ உயிரே போகலாம்.

எலிவளைக்குள் களஞ்சியம்

இருளர்களின் மற்றொரு தொழில் வயல் எலி பிடித்தல். அறுவடைக் காலத்தில் வயல் எலி நெற்கதிர்களைக் கத்தரித்து, வளைக்குள் தனி அறைகளில் சேமித்து வைக்கும். வளைக்குப் பல வாய்கள் உண்டு. இருளர்கள் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, சிலவற்றை மண்ணால் அடைப்பார்கள். ஒரு மண்பானையில் வைக்கோலை மூட்டி, பானையின் வாயை வளையின் வாயோடு பொருத்துவார்கள். பானையின் அடியில் உள்ள துளை வழியாக வாயால் ஊதினால், புகை வளைக்குள் பாயும். எலிகள் மயங்கிச் சிக்கும். பிறகு வளையைத் தோண்டி, சேமித்த நெல்லையும் எடுத்துக்கொள்வார்கள். எலி உணவாகும், மீட்ட நெல் கஞ்சியாகும்.

இதில் விவசாயிக்கும் லாபம் உண்டு. விஷம் வைத்து எலியைக் கொன்றால், செத்த எலியைத் தின்னும் ஆந்தையும் பாம்பும் நாயும்கூடச் சாகும் அபாயம் உண்டு. இருளரின் முறையில் நிலத்தில் எந்த விஷமும் சேர்வதில்லை.

ஆனால் ஊதுபவரின் நிலை என்ன? சூடான பானை கையையும் உதட்டையும் சுடும். புகை நுரையீரலுக்குள் போகும். இதை மாற்ற, 2003ஆம் ஆண்டில் உலக வங்கியின் பரிசு நிதியைக் கொண்டு, கைப்பிடியைச் சுழற்றிப் புகையைச் செலுத்தும் எஃகுக் கருவி ஒன்று இருளர்களுக்காகத் தயாரிக்கப்பட்டது. பழைய அறிவும் புதிய பொறியியலும் கைகோத்துக்கொண்டதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

மழைக்குப் பின் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலையும் இருளர்கள் விளக்கு வைத்துப் பிடிப்பார்கள். வறுத்த ஈசலில் புரதமும் கொழுப்பும் நிறைய உண்டு. நமக்குப் பூச்சியாகத் தோன்றுவது, வறிய குடும்பத்துக்குச் சத்துணவு!

தோல் வியாபாரம் நின்றது

சென்ற நூற்றாண்டில் வெளிநாட்டுச் சீமாட்டிகளின் கைப்பைகளுக்கும் காலணிகளுக்கும் பாம்புத் தோல் பெரிதும் தேவைப்பட்டது. இந்தியாவிலிருந்து லட்சக்கணக்கில் பாம்புத் தோல்கள் ஏற்றுமதியாயின. செங்கற்பட்டுப் பகுதியில் அந்த வியாபாரத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்களே. கொள்ளை லாபம் வியாபாரிகளுக்குப் போயிற்று. இருளர்களுக்குக் கிடைத்தது சில்லறைக் காசு.

பாம்புகள் குறைந்தால் எலிகள் பெருகும் அல்லவா? 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்புகளுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் பாம்பு பிடிப்பதையே நம்பியிருந்த குடும்பங்களின் அடுப்பு அணைந்தது.

இந்த நேரத்தில்தான் ஒரு புதிய யோசனை பிறந்தது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர், இருளர்களோடு காடு மேடெல்லாம் சுற்றி அவர்களின் திறமையை நேரில் கண்டவர். அவரது பாம்புப் பண்ணை, கிண்டிக்குப் போகுமுன் முதலில் தொடங்கப்பட்டது தாம்பரத்தை அடுத்த சேலையூரில் என்பது நம் பகுதியினருக்கு ஒரு சுவையான செய்தி. பாம்பைக் கொன்று தோலை விற்பதற்குப் பதிலாக, உயிரோடு பிடித்து நஞ்சை எடுத்துவிட்டு, மறுபடியும் காட்டில் விட்டால் என்ன? 1978ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் அதன் நஞ்சு சேகரிக்கும் நிலையம் அமைந்தது. சங்கத்தின் உறுப்பினர்கள் இருளர்களே. ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் உண்டு.

பானைக்குள் சில வாரங்கள்

வனத்துறையின் அனுமதி பெற்று, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் நான்கு வகைப் பாம்புகளைப் பிடித்து வருவார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்பவை அந்த நான்கு. இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இவையே காரணம்.

ஒவ்வொரு பாம்பும் மண்பானை ஒன்றில் வைக்கப்பட்டு, பானையின் வாய் துணியால் கட்டப்படும். மண்பானை குளுமையாக இருக்கும். துணி வழியே காற்றும் போகும். வாரத்துக்கு ஒரு முறை வீதம் நான்கு முறை நஞ்சு எடுப்பார்கள். பாம்பின் தலையைப் பக்குவமாகப் பிடித்து, கண்ணாடிக் குவளையின் விளிம்பைக் கடிக்கச் செய்தால், பற்களின் வழியே நஞ்சு சொட்டும். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் செய்து, பாம்பைக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மறுபடியும் சிக்கினால், அடையாளத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தோல் உரித்து உரித்துச் செதில் வளர்ந்ததும் அடையாளம் மறைந்துவிடும்.

திரவ நஞ்சு கெட்டுப்போகாமலிருக்க, அதை உறையவைத்து நீரை நீக்கி, தூளாக்கி மருந்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே குதிரைகளுக்கு மிகச் சிறிய அளவில் நஞ்சு செலுத்தப்படும். அளவை மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். குதிரையின் உடல் நஞ்சை முறிக்கும் எதிர்ப்பொருள்களை ரத்தத்தில் உண்டாக்கும். அவற்றைப் பிரித்துத் தூய்மைப்படுத்தியதே நஞ்சு முறிவு மருந்து. நம் நாட்டில் இந்த மருந்து செய்யப் பயன்படும் நஞ்சின் பெரும்பகுதி, நெடுங்காலமாக இந்தக் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தே போய்வருகிறது.

ஒரு சிறு கணக்கு

இந்திய நஞ்சு முறிவு மருந்து ஒரு மில்லிலிட்டர், கண்ணாடி விரியனின் நஞ்சில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். ஒரு குப்பியில் 10 மில்லிலிட்டர். அப்படியானால் ஒரு குப்பி 6 மில்லிகிராமை முறிக்கும். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் நஞ்சைச் செலுத்துகிறது. வகுத்துப் பாருங்கள்: பத்துக் குப்பிகளுக்கு மேல் வருகிறது! மருத்துவர்கள் முதலிலேயே எட்டு முதல் பத்துக் குப்பிகள் வரை ஏற்றுவது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தனர் என்று, 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களில் கால்பங்குக்கு மேல் 15 வயதுக்குட்பட்டவர்கள், அதாவது உங்கள் வயதினர். 2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

ஆகவே ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் வைத்து, தைரியம் சொல்லி, நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்க முயல வேண்டாம். நால்வகை நஞ்சுக்கும் ஒரே மருந்துதான். கட்டுவிரியன் இரவில் தூங்குபவரைக் கடிக்கும். வலியே தெரியாமல் போகலாம். தரையில் படுக்காமல் கட்டிலில், கொசுவலைக்குள் படுப்பது நல்லது.

விஞ்ஞானிகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஒரே வகைப் பாம்பானாலும் ராஜஸ்தானத்தில் இருப்பதன் நஞ்சும் தமிழ்நாட்டில் இருப்பதன் நஞ்சும் ஒன்றல்ல என்று, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் கண்டிருக்கின்றனர். இங்கே எடுத்த நஞ்சைக் கொண்டு செய்த மருந்து, எல்லா ஊரிலும் ஒரே அளவு பலன் தராமல் போகலாம். பல பகுதிகளிலும் பாம்புகளைத் தேடிப் பிடித்து நஞ்சு சேகரிக்க, தடம் படிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வேண்டும்.

அமெரிக்கா அழைத்தது

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள பிராணிகளை விழுங்கி வருகின்றன. வளர்ப்புப் பிராணிகளாகக் கொண்டுவரப்பட்டவை, சதுப்பு நிலத்தில் புகுந்து பல்கிவிட்டன. வேட்டைக்காரர்களையும் மோப்ப நாய்களையும்கூடப் பயன்படுத்திப் பார்த்தார்கள். மலைப்பாம்புகள் சுலபத்தில் அகப்படவில்லை. 2017 ஜனவரியில் செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள் அங்கே அழைக்கப்பட்டனர். முன்பின் பார்த்திராத நாடு, பழகியிராத காடு. ஆனால் முதல் எட்டு நாள்களிலேயே 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன! அவற்றில் ஒன்று 16 அடி நீளமுள்ள பெண் பாம்பு.

மற்றவர்கள் சாலையோரமாகக் காரில் போய்த் தேடியபோது, இவர்கள் புதருக்குள் இறங்கி நடந்தார்கள். தேடியது பாம்பை அல்ல, அதன் அடையாளங்களை. வரப்பில் கற்ற அதே பாடம்! 2023இல் இந்திய அரசு இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

மாசி நிலவில் கடற்கரை

இருளர் வாழ்க்கை முழுவதும் வேட்டையும் உழைப்பும் மட்டுமல்ல. மாசி மகத்தையொட்டிய பௌர்ணமியின்போது மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால், பல மாவட்டங்களிலிருந்தும் வந்த இருளர் குடும்பங்கள் புடவைகளால் கூடாரம் கட்டித் தங்கியிருப்பதைக் காணலாம். அவர்கள் வணங்கும் தெய்வம் கன்னியம்மன். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட அம்மனைச் சமாதானம் செய்து அழைத்து வருவதே இந்த விழா என்று அவர்கள் சொல்கிறார்கள். விடியற்காலையில் ஈர மணலில் படிகள் அமைத்து, பூவும் பழமும் வைத்துப் படைப்பார்கள். அங்கேயே பெண் பார்ப்பதும், திருமணமும், குழந்தைகளுக்கு மொட்டையடித்துக் காது குத்துவதும் நடக்கும். ஆண்டு முழுவதும் சிதறி வாழும் ஒரு சமூகம் ஒன்று கூடி, உறவைப் புதுப்பித்துக்கொள்ளும் இடம் அது.

கடனைத் திருப்பித் தருவது எப்படி?

இத்தனை பேரின் உயிரைக் காக்கும் மக்கள் சுகமாக வாழ்கிறார்களா? இல்லை என்றுதான் சொல்லவேண்டும். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் பட்டா இல்லாத குடிசைகளில் பல குடும்பங்கள் வாழ்கின்றன. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும், முன்பணம் வாங்கிய குற்றத்துக்காக அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் அடைபட்டுக் கிடந்த இருளர் குடும்பங்களை, அதிகாரிகள் மீட்க வேண்டியிருந்திருக்கிறது. பள்ளியில் சலுகைகள் பெறப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அதை வருவாய்க் கோட்டாட்சியர் தரவேண்டும். ஆவணம் ஏதும் இல்லாத பெற்றோரின் பிள்ளைக்கு அந்த ஒரு தாளைப் பெறுவதே பெரும்பாடாகிவிடுகிறது.

மாற்றத்துக்கான முயற்சிகளும் உண்டு. செங்கற்பட்டை அடுத்த தண்டரையில், 1986இல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம், மூலிகைகளை வளர்த்தும் மருந்து தயாரித்தும் பெண்களுக்கு வருவாய் தேடித் தந்திருக்கிறது.

இன்னொரு கவலையும் இருக்கிறது. தடம் படிக்கும் கலை எந்தப் புத்தகத்திலும் முழுதாக எழுதி வைக்கப்படவில்லை. தாத்தாவின் பின்னால் பேரன் நடந்து நடந்து கற்பது அது. புதர்க்காடு வீட்டுமனையாகிவிட்டால், நடக்க இடம் இல்லை. பேரன் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டால், பின்னால் நடக்க ஆள் இல்லை. ஒரே ஒரு தலைமுறையில் சங்கிலி அறுந்துபோகலாம். அதற்காக இருளர் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் பாம்பு பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று சொல்வது நியாயமாகுமா? ஆகாது. உங்களைப்போலவே அவர்களும் படிக்கவேண்டும். விரும்பினால் விலங்கியல் வல்லுநராகவும் மருத்துவராகவும் வரவேண்டும். பாட்டனார் மண்ணில் படித்ததைப் பேரப்பிள்ளை ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்தால், அது நாட்டுக்கே லாபம்.

உங்கள் வகுப்பிலும் ஓர் இருளர் மாணவரோ மாணவியோ இருக்கலாம். பாம்பு பிடிப்பவர் வீட்டுப் பிள்ளை என்று யாராவது கேலி செய்தால், வடநெம்மேலியில் வரிசையாக வைத்திருக்கும் மண்பானைகளைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். அடுத்த முறை ரயிலில் பொத்தேரியைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்த ஏரிக்கரையில் நமக்குத் தெரியாத எழுத்துகள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.